திறன் இல்லை என்ற சாக்கு

இப்போது எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரே பல்லவி: பிள்ளைகளிடம் பட்டம் இருக்கிறது, திறன் இல்லை, அதனால்தான் சம்பளம் ஏறவில்லை. ஜெர்மனி போல ஆலையிலும் வகுப்பிலுமாகப் பழக்கிவிட்டால் சரியாகிவிடுமாம். அடையாறு காந்தி நகரில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆராய்ச்சியைப் புரட்டியவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

தொடக்கம் தெரிந்த கதைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பினார். அதே பல்கலைக்கழகத்தின் தாமஸும் ராமகிருஷ்ணனும் 1930களில் அதே ஊர்களுக்குத் திரும்பினார்கள். 1971இல் மால்கம் ஆதிசேஷையா சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்; காந்தி நகர் ஆராய்ச்சி என்று நான் சொன்னது அதைத்தான்.

எனக்குப் பிடித்த காலம் அதற்குப் பிந்தியது. ஆய்வாளர்கள் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் ஸ்லேட்டர் காலத்து ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டுக்குப் போய் எழுதிய கட்டுரை 1983இல் வந்தது. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் அங்கே மறுபடி போனார்கள். நிலக்காரரிடம் கட்டுண்டு உழைக்கும் ஸ்லேட்டர் காலத்துப் படியாள் முறை மறைந்து, நிலக்காரர் பிடி தளர்ந்திருந்தது. யாரும் திறன் பயிற்சி கொடுத்து அது நடக்கவில்லை. வெளியே வேலை கிடைத்தது, ரேஷன் அரிசி கிடைத்தது, 'வர மாட்டேன்' என்று சொல்ல முடிந்தது.

அதே நிறுவனத்தில் ஆராய்ந்த பொருளியலாளர் பத்மினி சுவாமிநாதனை நாம் போதுமான அளவு படிக்கவில்லை. பெண்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் மகிழ்ந்தபோது, என்ன வேலை, என்ன கூலி என்று கேட்டவர் அவர். நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தை அந்தக் கேள்வியோடு பாருங்கள். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி இயந்திரம் ஓட்டிய பெண், பதிவேட்டில் 'அப்ரண்டிஸ்'. மொத்தமாக ஒரு தொகை கடைசியில், கல்யாணத்துக்கு. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. அறுந்த இழையை ஒட்டப் பழக மூன்று ஆண்டா ஆகும்?

ஜெர்மனியைக் காட்டுபவர்கள் பாதியைத்தான் காட்டுகிறார்கள். அங்கே பயிற்சி விதிகளை வகுக்கும் இடத்தில் தொழிற்சங்கமும் உட்கார்ந்திருக்கிறது; 2020 முதல் பயிலுநருக்கும் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2015இல் மணிக்கு 8.50 யூரோ என்று குறைந்தபட்சக் கூலி வந்தபோது வேலைகள் போய்விடும் என்று பொருளாதாரப் புலிகள் பயமுறுத்தினார்கள். பொருளியலாளர் டுஸ்ட்மானின் குழுவினர் வேலைவாய்ப்புப் பதிவேடுகளை அலசிப் பார்த்தார்கள்: கூலி ஏறியது, வேலை குறையவில்லை, சிலர் இன்னும் நல்ல நிறுவனங்களுக்கு மாறியும் இருந்தார்கள்.

இங்கே, தி. நகர் ரங்கநாதன் தெருவில் கடைப்பெண் விரித்துக் காட்டிய புடவையை மடிப்புக் கலையாமல் நொடியில் மடித்து அடுக்குகிறாள். அதை யாரும் திறன் என்று எண்ணுவதில்லை. வேலை நேரத்தில் அவள் உட்காரவே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பைத் தரவிறக்கிச் சமன்பாடு போடும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காந்தி நகரிலிருந்து அந்தத் தெரு ஆட்டோ தூரம்தான். ஒரு நோட்டோடு போய், பிடித்தம் போக மாசம் கையில் எவ்வளவு வருகிறது என்று அந்தப் பெண்ணைக் கேட்டு எழுதி வாருங்கள்.