குலப்பதிவேடும் பழவேற்காட்டுக் கத்ரெய்னும்

தென்னாப்பிரிக்காவில் தம் டச்சு மூதாதையரைத் தேடப் புகுவோர் நெடுங்காலமாகக் கையிலெடுத்து வந்த நூல் ஒன்றுண்டு. சி. சி. தெ வில்லியர்ஸ் தொகுத்து, அவர் மறைந்த பின் 1893-94இல் மூன்று பாகங்களாக அச்சேறிய ‘பழைய கேப் குடும்பங்களின் குலப்பதிவேடு’ அது. பின்னாளில் பாமா என்பார் அதனைத் திருத்தி விரித்து, 1966 முதல் புதிய பதிப்பாக வெளியிட்டார். நன்னம்பிக்கை முனைத் தேவாலய ஏடுகளில் சிதறிக் கிடந்த ஞானஸ்நான, திருமணக் குறிப்புகளை ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட்டுத் திரட்டியதை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் அந்நூல் தன் வாசகரைப் பழக்கிவிட்ட ஒரு பார்வை ஆய்வுக்குரியது.

அப்பார்வை அதன் எண்முறையிலேயே இருக்கிறது. குலமுதல்வருக்கு ‘ஏ’ எனும் எழுத்து. அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு ‘பி’, ‘சி’ எனத் தொடரும் எழுத்துகள். பிறப்பு வரிசைக்கு எண். ‘பி3 சி2’ என்றால் முதல்வரின் மூன்றாம் பிள்ளைக்குப் பிறந்த இரண்டாம் பிள்ளை. எளிய, அழகிய ஏற்பாடு. இன்றும் அந்நாட்டில் வழங்குகிறது. பெண்மக்களுக்கும் எண் உண்டு. ஆனால் மணமானதும் அவர்தம் கிளை அங்கேயே நின்றுவிடும். மனைவியர் கணவரின் பெயரருகே ஒரு குறிப்பாக மட்டும் வருவர். குலமுதல்வரைப் பெற்றவள் எவள் என்று கேட்பதற்கு இந்த எண்முறையில் இடமே இல்லை.

ஹதீஸ் அறிவிப்பாளர் கலையில் பயின்றவருக்கு டச்சு ஏடுகளின் சிக்கல்கள் புதியனவாகத் தோன்றா. நெப்போலியனின் 1811ஆம் ஆண்டு ஆணைக்கு முன், நெதர்லாந்தில் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு ‘மகன்’ எனும் சொல்லின் சுருக்கத்தைச் சேர்த்து ‘யான்ஸ்’ என்று எழுதிவிடுவர். மகளாயின் அதற்கொரு சுருக்கம். ஒரே ஊரில், ஒரே காலத்தில் ‘யானின் மகன் யான்’ பலர் இருந்திருப்பர். ஒரே பெயருடைய வெவ்வேறு மனிதரைப் பிரித்தறிவதற்கென்றே கதீபுல் பக்தாதீ (இறப்பு ஹி. 463 / கி.பி. 1071) தனி நூல் இயற்றினார். எழுத்தில் ஒன்றாகவும் ஒலிப்பில் வேறாகவும் உள்ள பெயர்களைப் பற்றி அவருக்கும் முன்பே தாரகுத்னீ எழுதிவிட்டார். பதினேழாம் நூற்றாண்டு டச்சு எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தோடு மல்லாடுபவருக்கு இவ்விருவரின் கவலையும் நன்கு விளங்கும். மாதப் பெயரிலும் கண்ணி உண்டு: ஏழாம் எண்ணோடு ‘பெர்’ எனும் விகுதி ஒட்டியிருந்தால் அது ஜூலை அன்று, செப்டம்பர். இலத்தீனில் ஏழுக்கு ‘செப்தெம்’ என்பதால் வந்த சுருக்கம் இது. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாகக் கொள்வதும் அடிக்கடி நேரும் பிழையே.

எல்லாவற்றினும் மேலாக மயக்குவது ‘வான்’ எனும் சிறு சொல். ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்பதே அதன் பொருள். நாம் ‘நிஸ்பா’ என்போமே, அதற்கு ஒப்பானது. நிஸ்பாவை அப்படியே நம்பிவிடலாகாது என்று இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் முகத்திமாவில் எச்சரித்துள்ளார். ‘அல்ஹத்தாஃ’ (செருப்புத் தைப்பவர்) எனப்பெயர் பெற்ற காலித் என்னும் அறிவிப்பாளர் அத்தொழிலைச் செய்தவரல்லர்; அத்தொழிலாளரோடு அமர்ந்திருந்தவர், அவ்வளவே. கேப் நகரில் 1794ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் அவ்வல் பள்ளிவாசல், விடுதலை பெற்ற அடிமையான ‘கொரிடோன் வான் சிலோன்’ என்பவருக்குரிய மனையில் அமைந்தது. அவர் மகளின் பெயரோ ‘சார்ட்யே வான் தெ காப்’. தந்தை இலங்கையிலிருந்து வந்தவர், மகள் கேப்பில் பிறந்தவள். ஆதலால் இரண்டு ‘வான்’கள். இதைக் குடும்பப் பெயரென்று கொள்பவர் தந்தையையும் மகளையும் இரு குலத்தவராக்கிவிடுவார். ‘கொரிடோன்’ என்பதும் தாய்தந்தையர் இட்ட பெயராக இருத்தற்கில்லை. அடிமைகளுக்குக் கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்தும், பன்னிரு மாதங்களிலிருந்தும் பெயர் சூட்டுவது எசமானரின் வழக்கம்.

இனி கத்ரெய்னுக்கு வருவோம். ஆவணங்களில் ‘பெரிய கத்ரெய்ன், பாலியாகத்தா ஊரினள்’ எனக் குறிக்கப்படும் இப்பெண் நம் பழவேற்காட்டிலிருந்து சென்றவள். டச்சுக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் அக்காலத்தில் அங்கிருந்தது. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் விலைக்கு வாங்கப்பட்ட மக்களைக் கப்பலேற்றிய துறையும் அதுதான். பத்தாவியாவில் அடிமையாயிருந்தபோது, 1656இல், தன்னைத் தாக்கிய காதலனைக் கொன்ற வழக்கில் அவளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, 1657இல் கேப் வந்து சேர்ந்து, கோட்டையில் துணி வெளுக்கும் பணி செய்தாள். அவள் மகன் கிறிஸ்டோஃபல் 1669இல் ஞானஸ்நானம் பெற்றான். தந்தை ஸ்னைமன் எனும் படைவீரர் என்பது ஆய்வாளர் முடிபு. 1671இல் வங்கத்திலிருந்து வந்த, விடுதலை பெற்ற அந்தோணி என்பவரை அவள் மணந்தாள். மகனோ பிரெஞ்சு அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்து நிலமுடையவரானார். இன்று அந்நாட்டில் பரந்து வாழும் ஸ்னைமன் குடும்பத்தார்க்கு முதல்வர் அவரே.

அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி நீதிமன்ற ஏட்டாலும் தேவாலய ஏட்டாலும் கிடைத்தது. குலப்பதிவேட்டின் எண்முறைப்படி நோக்கினால் ஸ்னைமன் கிளை மகனிடம் தொடங்கும், தாய்க்கு எழுத்தில்லை. இது ஏட்டோடு முடிந்திருந்தால் நாம் இவ்வளவு பேசத் தேவையிராது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் அந்நாட்டு மனிதர் ஒவ்வொருவரையும் ஓர் இனத்துள் அடைத்தது. எங்கு வாழலாம், எங்குப் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அப்பதிவையே சார்ந்து நின்றன. 1991இல்தான் அச்சட்டம் நீங்கியது. அந்த இருண்ட காலத்தின் நடுவே, 1971இல், ஹீஸ என்னும் ஆய்வாளர் அதே தேவாலய ஏடுகளை மீண்டும் படித்து, ஆப்பிரிக்கானர் மக்களின் முன்னோரில் சுமார் 7 விழுக்காட்டினர் ஐரோப்பியரல்லர் எனக் கணக்கிட்டார். மணப்பெண்களின் ‘வான்’ எதைச் சுட்டுகிறது என்று கேட்டதே அவருக்குக் கைகொடுத்தது.

நம்மிலும் சிலர் இத்தகைய பெயர்களைக் கண்டதும், பழவேற்காட்டினள் ஆதலால் முஸ்லிமாகத்தான் இருப்பாள் என்று உரிமை கொண்டாட விரைகின்றனர். ஊர்ப்பெயர் மார்க்கத்தைச் சொல்லாது. சான்றின்றி ஒருவரை நம் கணக்கில் சேர்ப்பதும், சான்றிருந்தும் ஒருவரை விட்டுவிடுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். பின்னதிலும் நாம் தூயவரல்லர். அடிமையாக விற்கப்பட்ட ஸைத் (ரலி) அவர்களை அவர்தம் தந்தை ஹாரிஸாவின் பெயராலேயே அழைக்க அல்அஹ்ஸாப் அத்தியாயம் வழிகாட்டியது. இப்னு உமரின் விடுதலை பெற்ற அடிமையான நாஃபிஉ (ரஹ்) அவர்களுக்கு அறிவிப்பாளர் நூல்கள் முன்வரிசையில் இடமளித்தன. இப்னு ஸஅத் தம் தபகாத்தின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். இவ்வளவும் நமக்கு முன்னிருக்க, நம் கடற்கரை ஊர்களில் நாம் கண்ட குடும்ப ஷஜராக்கள் பலவும், மரக்கலத்தில் வந்திறங்கிய ஓர் அரபுப் பெரியாரில் தொடங்கி நேரே அவர் மகனுக்குத் தாவுகின்றன. இடையில் இருந்த தமிழ்ப் பெண்ணின் பெயரை வினவினால் முதியோர் சிரித்துக் கொள்கிறார்கள்.

ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள கம்பெனி ஏடுகளுள் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியே படித்தெழுதி, யாவரும் தேடுமாறு அண்மை ஆண்டுகளில் வெளியிட்டுள்ளனர். தேடுவோர் பழவேற்காட்டை ஒரே எழுத்துக்கூட்டில் தேடி, இல்லையென்று திரும்பிவிட வேண்டா. எழுத்தர் ஓரிடத்தில் ‘பாலியாகத்தா’ என்பார், மற்றோரிடத்தில் ‘பலியகத்தே’, பிறிதோரிடத்தில் ‘பல்லெயாகத்தா’. கணினியும் தன் பங்குக்கு எழுத்துகளை மாற்றிப் படிக்கும். கிடைத்த வரியை மூலப்பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பெயரைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.