சக்கரம் வைத்த வீடு

மைத்துனரின் மகன் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, ஸீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, சோலார் பேனல் என்று குடித்தனம் வைத்திருக்கிறான். “மாமா, எல்லாம் யூ டியூப் பார்த்து நானே பண்ணினது” என்றான். அவன் பார்த்த வீடியோக்களை நானும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டிலேயே செய்த வேனில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போகிறவர்கள். இருபது பார்த்ததும் இதுவும் ஒரு இலக்கிய வகைதான், விமரிசிக்கலாம் என்று தோன்றிவிட்டது.

எதிலும் சிறந்தது முதல் பகுதி. ஷெட்டில் அப்பா பிளைவுட் அறுக்கிறார். அரிசி டப்பா எங்கே என்று அம்மா சண்டை போடுகிறார். கொண்டைஊசி வளைவில் டப்பா விழாமலிருக்க அலமாரிக்கு ஒரு குட்டித் தாழ்ப்பாள். நல்ல சிறுகதை மாதிரி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் காரணம் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் கதை செத்துவிடுகிறது. டிரோன் மேலே போகிறது. மேகம், தேயிலை, புல்லாங்குழல், மாகி. கொழுந்து பறிக்கும் பெண்கள் தூரத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறார்கள். யாரும் இறங்கிப்போய் ‘எந்த ஊரும்மா?’ என்று கேட்பதில்லை. கேட்டால் சிலர் கண்டி, நுவரெலியா என்று ஆரம்பிக்கக்கூடும். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக 1968-ல் தொடங்கியவைதான் இங்குள்ள அரசுத் தோட்டங்கள், இன்றைய டான்டீ. லயன் வீட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் வேலை ஓய்ந்தால் காலி செய்ய வேண்டும். 2022-ல் டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு உத்தரவிட்டபோது அந்தப் பயம் அதிகமாயிற்று. ‘வீட்டையே கூட எடுத்துக்கிட்டு வந்துட்டோம்’ என்று காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குப் பின்னால் அந்த வீடுகள் இரண்டு விநாடி வந்து போகின்றன.

ஜான் ஸ்டீன்பெக் 1960-ல், 58 வயதில், டிரக்கின் முதுகில் ஓர் அறையை ஏற்றி, டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரை அதற்கு வைத்து, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். ‘டிராவல்ஸ் வித் சார்லி’ 1962-ல் வந்தது. 2010-ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகைக்காரர் அதே வழியில் போய் விசாரித்தார். மனுஷர் பல ராத்திரி ஓட்டலில், அதுவும் மனைவியோடு தங்கியிருக்கிறார், சில சந்திப்புகள் கற்பனையாக இருக்கலாம் என்று போட்டு உடைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. புளுகினாலும் மனிதர்களைப் பற்றித்தானே புளுகினார்! நம் வேன்காரர்கள் புளுகுவதில்லை. காட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

உதாரணம், டாய்லெட். பெருமையாகத் திறந்து காட்டுகிறார்கள். தொட்டியை மலையில் எங்கே காலி செய்தார்கள் என்பது நான் பார்த்த ஒன்றில்கூட இல்லை. மருமகனைக் கேட்டேன். “ராத்திரி... ஒரு ஓரமா...” என்று இழுத்தான். மலையில் ஓரம் என்றால் பெரும்பாலும் ஓடை. குன்னூர் ஆறு பவானிக்குப் போகிறது. மாயாறும் அதில்தான் சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரி. ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971) எழுதிய சிட்டியும் தி. ஜானகிராமனும்கூடக் காரில்தான் போனார்கள். ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு, தண்ணீரையும் மனிதர்களையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ். 2025 கோடையில் தினம் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. வீடியோவில் இது ‘பாஸ் எடுப்பது எப்படி’ என்ற டிப்ஸோடு சரி. எதற்கு வந்தது என்று மூச்!

மருமகன் போன வாரம் தன் முதல் வீடியோவை அனுப்பினான். பதினெட்டு நிமிஷம். அரிசி டப்பா தாழ்ப்பாள் பிரமாதம். கோத்தகிரி வழியில் ஒரு டீக்கடை. அவன் பெண் கடைக்கார அம்மாவிடம் ஏதோ கேட்கிறாள். அந்த அம்மா குனிந்து, கையை மலைப் பக்கம் நீட்டி, நீளமாகப் பதில் சொல்கிறார். அதன்மேல் புல்லாங்குழலைப் போட்டிருக்கிறான். என்னடா பேசினார்கள் என்று போன் பண்ணிக் கேட்டேன்.

“கவனிக்கலையே மாமா” என்றான்.