கடைக்காப்பில்லாக் கூற்று

மறைந்த பெரியோரிடத்து நேரே ஒரு சொற் கேட்டறிதல் கூடுமாயின் எத்துணை நலமாம் என்னும் வேட்கை மக்கட்கு இயல்பாய் அமைந்தது. கற்றோர் அவ்வேட்கையை அப்பெரியோர்தம் நூல்களைப் பயின்று தணித்துக்கொள்வர். ஏனையோர் அவர் பிறந்த ஊரையும் வழிபட்ட திருக்கோயிலையும் கண்டு தணித்துக்கொள்வர். இக்காலத்தே மூன்றாவதாக ஒரு வழி தோன்றியிருக்கின்றது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணிப்பொறிக் கலையின் துணையால், வரலாற்றுப் பெரியாருள் ஒருவர் பெயரைத் தெரிந்துகொண்டு கைப்பேசியில் ஒரு வினாவை எழுதின், அவரே எதிர்நின்று விடையிறுப்பதுபோல மறுமொழி வருகின்றது. அம்மறுமொழி படர்க்கையில் வருவதன்று; 'யான் இங்ஙனம் கருதினேன்', 'என் இளமையில் இது நிகழ்ந்தது' எனத் தன்மையிடத்தே வருகின்றது. இவ்வுரையாட்டு அறிவு பயப்பதோ, மயக்கம் பயப்பதோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

இது நெருநல் தோன்றிய புதுமையன்று. 1966 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் சோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்னும் கணிப்பொறி நிரலொன்றை வெளியிட்டார். அஃது உளமருத்துவர்போல் நடித்து, பேசுவார் சொல்லையே வினாவாக மாற்றி அவர்க்குத் திருப்பித் தருவது. அதற்கு மேற்பட்ட திறன் யாதும் அதற்கில்லை. அங்ஙனமாகவும், அஃது உருவானவாற்றை அருகிருந்து கண்ட அவர்தம் செயலாளரே அதனோடு உரையாடப் புகுந்து, தம் பேச்சு மறைவாக நிகழ வேண்டி, பேராசிரியரை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டனர். மக்கள் ஒரு வெற்றுப்பொறியின்பால் இத்துணை எளிதில் நெஞ்சைத் திறந்துவிடுவர் என்பது கண்டு அவர் அஞ்சினார்; அவ்வச்சத்தை 1976 இல் ஒரு நூலாகவும் எழுதினார்.

அரை நூற்றாண்டின் பின்னர், 2022 செப்டம்பரில் 'கேரக்டர் ஏஐ' என்னும் உரையாட்டுத் தளம் பொதுமக்கட்குத் திறக்கப்பட்டது. 2023 சனவரியில் ஏறத்தாழ 20,000 வரலாற்று மாந்தரோடு உரையாடலாம் என்ற விளம்பரத்தோடு ஒரு கைப்பேசிச் செயலி வெளிவந்தது. பெயர் 20,000 ஆயினும் பேசும் பொறி ஒன்றே என்பதனை மறத்தலாகாது. அளவிறந்த எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லின்பின் வருதற்கு இயைபுடைய சொல் யாதெனக் கணித்துக் கோத்துத் தருவதே அதன் தொழில். அது புத்தர் பெயரைத் தாங்கும்போதும் நெப்போலியன் பெயரைத் தாங்கும்போதும் செய்வது அவ்வொரு தொழிலே.

தமிழ்நாட்டிலும் இதன் சாயல் காணப்பட்டது. 2018 இல் மறைந்த மு. கருணாநிதி அவர்களின் உருவமும் குரலும் 2024 சனவரியில் மேடைத் திரையிலே தோன்றி உரையாற்றின. அத்திங்களிலேயே, 1997 இல் மறைந்த சாகுல் அமீது, 2022 இல் மறைந்த பம்பா பாக்கியா என்னும் பாடகர் இருவரின் குரலைக்கொண்டு ஏ. ஆர். ரகுமான் ஒரு திரைப்பாடலை அமைத்தார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் அளித்ததாக அவரே அறிவித்தார். இவையிரண்டினும், சொல்லை அமைத்தோர் இன்னார் என்பது வெளிப்படை. கேட்டோரும் இது போலியுருவம் என்று அறிந்தே கேட்டனர். உரையாட்டுப் பொறியோ இவற்றினும் வேறுபட்டது. அதன் மொழியை முன்னரே எழுதி ஆராய்ந்து வைத்தோர் எவருமிலர். அது தனியிடத்திலே, ஒருவனோடு மட்டும், அவன் வினவியதற்கெல்லாம் ஏற்பப் பேசிக்கொண்டேயிருப்பது.

இதன் இயல்பை அறிதற்குத் திருவில்லிபுத்தூரினும் சிறந்த உரைகல் பிறிதொன்றில்லை. மடவார்வளாகத்து வைத்தியநாதப் பெருமான் திருக்கோயிலை உடையதாகிய அவ்வூரே ஆண்டாள் தோன்றிய திருப்பதியுமாகும். அவ்வம்மையார் அருளியனவாக இன்று உள்ளவை திருப்பாவைப் பாசுரம் 30, நாச்சியார் திருமொழிப் பாசுரம் 143, ஆக 173. அம்மையாரின் சொந்தச் சொல் இவ்வளவே. துளவத்தோட்டத்திற் கண்டெடுக்கப்பட்டமை, சூடிக்கொடுத்தமை, திருவரங்கஞ் சென்றமை முதலியனவெல்லாம் குருபரம்பரை நூல்கள் உரைப்பன. அவற்றை உரைத்தோர் பிறர்.

இனி, அவ்வூர்ப் பள்ளி மாணவனொருவன் ஆண்டாள் எனப் பெயரிய பொறியொன்றை நோக்கி, 'அன்னையே, தாங்கள் சிறுமியாயிருந்தபோது எவ்விளையாட்டை விரும்பினீர்கள்? தந்தையார் தங்களைக் கடிந்துகொண்டதுண்டோ?' என வினவுவானாயின், மெய்யான விடை யாது? 'அறியக்கிடந்திலது' என்பதே. ஆயினும் பொறி விடை கூறாது அமைதல் அரிது. விடை கூறுதற்கே அஃது இயற்றப்பட்டது. 173 பாசுரத்தில் இல்லாததனைப் பிறவிடத்துச் சொற்களால் இட்டு நிரப்பி, அதனையும் பாசுரத்துப் பொருளையும் ஒரே குரலில் கூறும். பயின்ற மாணவனுக்கு எது அம்மையார் வாக்கு, எது பொறி பின்னியது எனப் பிரித்தறியும் வாயில் இல்லை. நூறு பிழையுள்ள ஒரு நூலினும் இது தீங்குடையது, என்னை? நூலின் பிழையைப் பிறிதொரு நூல்கொண்டு திருத்தலாம். இதன் பிழையோ அம்மையார் தாமே கூறியதாக நெஞ்சிற் பதிந்துவிடும்.

சைவசித்தாந்த நூலோர் பொருளை ஆராயப் புகுமுன் அளவையை ஆராய்வர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். பொறியின் மொழி இம்மூன்றனுள் எதன்பாற்படும்? அது நிகழ்ச்சியைக் கண்டதன்று, ஆதலிற் காண்டலன்று. ஏதுவைக் காட்டித் துணிபொருளை நிறுவுவதன்று; ஆதலிற் கருதலும் அன்று. உரையோ எனின், உரையளவைக்கு வேண்டுவது உரைத்தோனின் வாய்மை. ஈண்டு உரைத்தோன் என ஒருவன் இலனாகவே, அவன் வாய்மையை யாங்ஙனம் ஆராய்வது? மூன்றனுள் ஒன்றன்பாலும் படாததனை அறிவுக்கு வாயிலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அற்றேல், பிறர் கூற்றாகப் பேசுதல் தமிழ்க்கே உரிய மரபன்றோ? அகப்பாட்டெல்லாம் தலைவி கூற்றும் தோழி கூற்றும் செவிலி கூற்றுமன்றோ? பெரியாழ்வார் யசோதையாய் நின்று தாலாட்டினர். ஆண்டாள் தாமே ஆய்ப்பாடிச் சிறுமியாய் நின்று தோழியரைத் துயிலெழுப்பினர். இவை தகுமாயின் பொறியின் கூற்று மட்டும் தகாதது என்னையோ எனின், தடை நன்று. விடையும் அத்தடையினுள்ளேயே உளது.

ஆய்ப்பாடிச் சிறுமியாய்ப் பேசிவந்த ஆண்டாள், திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்திலே அவ்வேடத்தைக் களைந்து, பட்டர்பிரான் மகளாகிய கோதை சொன்னது இது என்று தம் பெயரைப் பொறித்து முடிக்கின்றார். பெரியாழ்வாரும் தம் திருமொழிகளின் இறுதியில் தம் பெயரையும் ஊரையும் வைக்கின்றார். திருஞானசம்பந்தர் தம் பதிகந்தோறும் இறுதிப் பாட்டிலே காழி ஞானசம்பந்தன் சொன்னது எனத் தம்மைக் காட்டுவர்; அதனைத் திருக்கடைக்காப்பு என்ப. சங்கத்து அகப்பாட்டினும், பாட்டிற்குள்ளே தலைவி பேசினும், பாடிய புலவர் பெயரைத் தொகுத்தோர் கூடியவரை காத்து வைத்தனர். ஆகவே தமிழ் மரபு பிறர் கூற்றாகப் பேசுதலை விலக்கவில்லை. பேசியது யார் என்பதனை இறுதியிற் கூறுக என்றே விதித்தது. கடைக்காப்பு வெறும் அணியன்று. இச்சொல்லுக்குப் பொறுப்புடையேன் யான் என்று புலவன் இடும் கையொப்பம். பொறியின் கூற்றுக்கு இல்லாதது அஃதொன்றே; அஃதின்மையால் ஏனைய யாவும் இல்லையாயின.

மரபு இதில் தவறிய இடமும் உண்டு, அதனையும் மறைத்தலாகாது. அதியமானின் நட்பினராகிய சங்கத்து ஔவையாரும், ஆத்திசூடி அருளிய பிற்காலத்து ஔவையாரும் வெவ்வேறாவர். வாய்மொழிக் கதைகளோ அவர்களை ஒரு கிழவியாராக்கி, பல நூற்றாண்டுப் புலவரோடு சொல்லாட வைத்தன. 1876 இல் வெளிவந்த விநோதரசமஞ்சரி போன்ற நூல்களால் அக்கதைகள் ஊரெங்கும் பரவின. அப்பின்னலை அவிழ்த்து, எப்பாட்டு எக்காலத்தது எனக் காட்டுதற்கு ஆராய்ச்சியாளர் பட்ட பாடு பெரிது. அவர் அவிழ்த்ததனைப் பொறி மீண்டும் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஏனெனில் கதையும் ஆராய்ச்சியும் அதற்கு ஒருநிகரான எழுத்துக் குவியலே. கட்டபொம்மன் பெயரைத் தாங்கிய பொறி 1799 இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவனின் சொல்லைக் கூறுமோ, 1959 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வசனத்தைக் கூறுமோ என்பதும் இதுபற்றியே ஐயுறற்பாலது.

திருவில்லிபுத்தூருக்கு அணித்தே உள்ள இராசபாளையத்தில் நிகழ்ந்ததொன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. 2018 சனவரியில் அவ்வூரிலே கவிஞர் வைரமுத்து ஆண்டாளைக் குறித்து ஒரு கட்டுரை அரங்கேற்றினார். அது தினமணி நாளிதழிலும் வெளிவந்தது. அதன்கண் ஆங்கில ஆய்வுநூலொன்றினின்றும் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட ஒரு வரி அடியார் பலரைப் புண்படுத்தியது. கண்டனங்கள் எழுந்தன, திருவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாநோன்பு மேற்கொண்டார், கவிஞரும் நாளிதழும் வருத்தந் தெரிவித்தனர். அப்பூசலிற் பக்கஞ் சார்ந்து தீர்ப்புக் கூறுதல் ஈண்டைக்கு வேண்டா. நோக்கத்தக்கது ஒன்றே. பேசியவர் இன்னார், வெளியிட்ட இதழ் இன்னது என்பன தெரிந்திருந்தன. மேற்கோள் வந்த நூலும் அதன் பதிப்பகமும் வரை ஆராயப்பட்டன. மறுப்போர் மறுத்தனர், விளக்குவோர் விளக்கினர். ஒரு வரிக்கே இத்துணை ஆராய்ச்சி நிகழ்ந்தது. நிகழ்தற்கு இடமும் இருந்தது. நாளை அம்மையாரின் பெயராலேயே, தன்மையிடத்திலேயே, அதனினும் தகாத ஒன்றைப் பொறி ஒரு சிறுவனிடத்துத் தனியே கூறுமாயின், யாரை அழைத்து வினவுவது? எந்நூலைத் திறந்து பார்ப்பது? அவ்வுரை நிகழ்ந்தது என்பதனைத்தானும் ஊரார் அறியார்.

இன்னுமொரு குற்றம் உண்டு. பொறி வினவுவார் மனத்துக்கு இசைய வளைவது. மேற்கூறிய 20,000 மாந்தர் செயலியில், நாசித் தலைவராகிய ஹிம்லர் முதலியோரின் பெயர்தாங்கிய பொறிகள் தாம் இழைத்த கொடுமைக்கு வருந்துவனபோல விடையிறுத்தமை கண்டு வரலாற்றறிஞர் திடுக்குற்றனர். அதே ஆண்டில் இந்திய நாட்டிற் பகவத்கீதையின் பெயரால் எழுந்த உரையாட்டுப் பொறிகளுட் சில, அறத்தின் பொருட்டாயின் கொலையும் தகும் என விடையளித்தமையும் செய்தியாயிற்று. ஓரிடத்துத் தீயோன் நல்லோனாகின்றான். மற்றோரிடத்து அருள்நூல் கொலைக்கு உடன்படுகின்றது. வரலாற்று மாந்தர்பாற் கற்கத்தக்கது அவர் இக்காலத்தாரோடு மாறுபடும் இடமே. அம்மாறுபாட்டை மழுக்கிக் கேட்பார்க்கு இனியது கூறுவது, அவரோடு உரையாடலன்று; கண்ணாடியோடு உரையாடல். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. பெரியோரைச் சார்வதாக எண்ணித் தன் நிழலையே சார்ந்தவன் எவ்வண்ணமாவான்?

அற்றன்று, காந்தியடிகள்போல மிகுதியாக எழுதினாரிடத்துப் பொறி பிழையாதே எனின், அவர்தம் எழுத்தும் பேச்சும் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக அச்சாகி எவர்க்கும் எட்டுமாறு உள்ளன, மெய்ச்சொல் கைக்கெட்டும்போது போலிச்சொல் எற்றுக்கு? குறைய எழுதினாரிடத்தோ பொறி பெரிதும் புனையும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த இராசபாளையத்துப் பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்கள் தம் இல்லத்தையே பொதுவுக்கு ஈந்தார். அது காந்தி கலை மன்றமாய் நிலவிற்று. அவரது உள்ளத்தை அறிய விழையும் அவ்வூர் மாணவனுக்கு அக்கொடையே போதிய விடை. வீட்டை ஈந்தவனின் மனநிலையைப் பொறி பத்துப் பத்தியில் விரித்துக் கூறலாம். அப்பத்துப் பத்தியும் அவருடையன அல்ல.

இத்துணையும் கூறியது கணிப்பொறியைப் பள்ளியினின்றும் துரத்துதற்கன்று. மாணவர்க்கு வரலாற்றில் ஆர்வமூட்டுதல் நல்லதே. 2023 இல் கான் அகாடமி போன்ற கல்வி நிறுவனங்கள் இம்முறையைக் கையாளப் புகுந்ததும் அந்நோக்கத்தாலேயே. பள்ளிவிழாவில் ஒரு சிறுமி கோதையாய் வேடம் புனைந்து நிற்பதனால் யாரும் மயங்குவதில்லை. திரை விழுந்ததும் அவள் தன் வீட்டுக்குச் செல்வதனை எல்லாரும் காண்கின்றனர். பொறிக்கு வேண்டுவது அத்திரையே. அது தன்மையை விடுத்துப் படர்க்கையிற் பேசுக. 'யான் கூறினேன்' என்பதனை ஒழித்து, 'நாச்சியார் திருமொழியில் இத்தனையாம் பாசுரத்தில் ஆண்டாள் இங்ஙனம் கூறுகின்றார்' என்க. பாசுரத்தில் இல்லாததனைக் குருபரம்பரை கூறுமாயின் அதன் பெயரைச் சுட்டுக. யாண்டும் இல்லாததனை 'இல்லை' என்க. இம்மூன்றையும் செய்யும் பொறி நல்ல நூலகத்தானாகப் பயன்படும். செய்யாதது எத்துணை இனிமையாகப் பேசினும் பொய்க்கரியே.

ஆண்டாள் 173 பாசுரம் பாடி அமைந்தார். அவ்வமைதியும் அவருடையதே. அதனைக் கலையாது, பாடிய பாட்டைப் பலகாற் பயின்று, அறியாததனை அறியாததாகவே வைத்தல் கல்வியுடையார் கடன். திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் உள்ள ஆசிரியப் பெருமக்கள், மாணவர் கையிற் பொறி வருமுன் பாசுரத்தை அவர் நாவில் வருவிப்பாராயின், போலிக்குரல் எழும்போது, 'இஃது எத்தனையாம் பாட்டு?' என்று வினவும் துணிவு அவர்க்குத் தானே உண்டாகும்.