ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்து

பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று வீட்டுக்கு வந்தால், கத்திக்கு எண்ணெய் தடவுவதற்கு முன்பே எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூல் சொல்லித்தரும் வழி அது: காம்பை ஒட்டிச் சுற்றியிருக்கும் சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளை எத்தனை என்று தெரிந்துவிடும்.

முள் 50 என்று வையுங்கள். ஆறால் பெருக்கினால் 300, ஐந்தால் வகுத்தால் 60. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலில் வகுத்தால் 10, பிறகு பெருக்கினால் 60. எண் சின்னதாகவே இருக்கிறது, மனம் களைப்பதில்லை. இன்னும் சுருக்கமாக, முள்ளோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினாலே போதும்: 50ம் 10ம் 60. மூன்று பாதையும் ஒரே இடத்தில் வந்து சேர்வதில்தான் எனக்கு எத்தனை மகிழ்ச்சி!

காய்க்குக் காய் விளைச்சல் மாறும். ஒவ்வொரு பழத்திலும் விடை அச்சாகப் பொருந்த வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பழத்தை அறுக்காமலே உள்ளிருப்பதை எண்ணால் தொட்டுப் பார்க்க நினைத்த அந்த ஆசையே பெரிது. அந்த வழியையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும்படி வெண்பாவில் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு அங்கேயே நிற்பதும் இல்லை. 60 சுளை, வீட்டில் 12 பேர், ஆளுக்கு ஐந்து. பக்கத்து வீட்டுக்கு 12 சுளை கொடுத்துவிட்டால் மிச்சம் 48, ஆளுக்கு நான்கு. கொட்டையெல்லாம் குழம்புக்கு.