தீட்சையும் சூளுறவும்: பாத்திரமேற்பு விளையாட்டுகளும் திருவொற்றியூர்க் கதையும்

ரோல்பிளேயிங் கேம் எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டு, சிலர் ஒன்றாக அமர்ந்து ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி ஆடுவதாகும். நடுவர் ஒருவர் கதையை நடத்துவார். ஐயம் எழும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். மந்திரம், தீட்சை, பருவமெய்தல் ஆகிய மூன்றும் இவ்விளையாட்டுகளில் அடிக்கடி இடம்பெறுபவை. பெரியபுராணத்தில் வரும் சங்கிலியார் – சுந்தரர் கதையோடு ஒப்பிட்டால் இவற்றின் நிறையும் குறையும் விளங்கும்.

மூன்று விளையாட்டுகள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. இதில் அரக்கரை வென்றாலும் புதையல் எடுத்தாலும் அனுபவப் புள்ளி சேரும்; புள்ளி சேர்ந்தால் நிலை உயரும். முதல் விதிநூலின்படி, முதல் நிலையில் உள்ள சமயகுருவுக்கு மந்திரம் ஏதும் இல்லை; இரண்டாம் நிலையில்தான் கிடைக்கும். அதாவது அருள் என்பது கணக்கில் ஏறும் வரவு.

1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ இதிலிருந்து விலகியது. கிரெக் ஸ்டாஃபோர்டு படைத்த குளோரந்தா உலகில் நடக்கும் இவ்விளையாட்டில், ஒரு தெய்வத்தின் நெறியில் சேர்ந்து தீட்சை பெற வேண்டும். தெய்வ மந்திரம் பெறுபவர் தம் ஆற்றலில் ஒரு பங்கை நிலையாக இழக்கிறார். 1987இல் வந்த ‘ஆர்ஸ் மேஜிகா’வில் 15 ஆண்டுகள் குருவிடம் பயின்ற பிறகே ஒருவர் மந்திரவாதி ஆவார்.

திருவொற்றியூர்க் கதை

ஞாயிறு என்னும் ஊரில் பிறந்தவர் சங்கிலியார். பருவமெய்தியதும் பெற்றோர் மணப்பேச்சு எடுக்க, சிவனடியார் ஒருவருக்கே உரியவள் தாம் என்று கூறி மறுத்தார். பின்னர் திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூத்தொடுத்து வாழ்ந்தார். அவரைக் கண்டு விரும்பிய சுந்தரர், அவரைத் தமக்குத் தருமாறு இறைவனை வேண்டினார். சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுறவு செய்ய வேண்டும் என்றார் இறைவன். சன்னதியில் சூளுரைக்கும் நேரத்தில் இறைவன் மகிழமரத்தடிக்குப் போய்விட வேண்டும் எனச் சுந்தரர் தனியே கேட்டுக்கொண்டார். இறைவனோ அதற்கு இசைந்துவிட்டு, மகிழடியிலேயே சூளுரைக்கச் செய்யுமாறு சங்கிலியாருக்குச் சொல்லிவிட்டார். பின்னாளில் திருவாரூர் நினைவு வந்து சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்பார்வையும் மறைந்தது. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன. மாசிப் பெருவிழாவின் மகிழடி சேவை இக்கதையை இன்றும் நினைவூட்டுகிறது.

ஒப்பீடு

முதலாவது, பருவமெய்தல். விளையாட்டுகளில் அது பெரும்பாலும் ஆற்றல் கூடுவதைக் குறிக்கிறது. சங்கிலியாருக்கோ, தம் வாழ்வை யார் முடிவு செய்வது என்ற கேள்வி எழும் நாள் அது. அவருக்கு மந்திரம் ஏதும் கிடைக்கவில்லை. ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையை அவரே எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, விலை. ‘ரூன்குவெஸ்ட்’ விலை கேட்கிறது. ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த விலை, ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. சூளுறவு அப்படியன்று. அன்றாடம் காக்க வேண்டியது. தவறினால் என்ன ஆகும் என்பது முன்னால் தெரியாது.

மூன்றாவது, நடுவர். விளையாட்டில் நடுவர் ஒருபக்கம் சாயக்கூடாது என்பர். இக்கதையின் நடுவரோ ஒருவருக்குத் தோழர். ஆயினும் அவர் தேடிய ஓட்டையை அடைப்பவரும் அவரே. நட்பைவிடக் கொடுத்த சொல்லே பெரிது என்பது அதனால் தெளிவாகிறது.

மதிப்பீடு

ஆடுபவர் உண்மையில் எதையும் இழப்பதில்லை; ஆகவே விளையாட்டைப் புராணத்தோடு ஒப்பிடுவது முறையன்று எனலாம். இது ஓரளவு சரியே. ஆனால் தோழர் முன் சொன்ன சொல்லைக் காப்பது விளையாட்டிலும் பழகக்கூடியதே. இவ்விளையாட்டுகளைத் தமிழில் அமைக்க விரும்பும் மாணவர்கள், வாளும் வேலும் மாற்றிப் பெயரிடுவதோடு நின்றுவிடக்கூடாது. புள்ளிப் பட்டியலுக்கு அருகில் ‘கொடுத்த வாக்கு’ என்று ஒரு கட்டம் வரைந்தால், தீட்சை என்னும் சொல்லுக்கு ஆட்டத்தில் பொருள் கிடைக்கும்.