சாட்சி சொல்ல வழியில்லாதவர்கள்

சாட்சிக் கூட்டங்களைக் குறை சொல்லாதீர்கள், நாள்பட்ட நோயாளிகளுக்கு அவைதான் தெம்பு என்று சபை இதழ் ஒன்றில் ஒரு போதகர் எழுதியிருக்கிறார். தெம்பு கிடைப்பது உண்மைதான். யாருக்கு என்பதில்தான் எனக்கு வழக்கு.

விசுவாசத்தால் நோயாளிக்கு நன்மையே இல்லை என்று இரணியலில் இருந்துகொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. பக்கத்து ஊரான நெய்யூரில் 1838-ல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணி அந்த விசுவாசத்தில் முளைத்தது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் இருபது வருஷத்துக்கு மேல் அங்கே வயிற்றுப்புண்ணுக்குக் கத்தி பிடித்ததும் அதனால்தான். டயாலிசிஸுக்குப் போகிறவருக்குத் துணைக்கு ஆள், ஆட்டோ காசு, வீட்டுக்குக் கஞ்சி என்று சபைக்காரர்கள் இன்றும் ஓசைப்படாமல் செய்கிறார்கள். மறுபேச்சில்லை.

ஆனால் சாட்சிக்கென்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. டாக்டர் கைவிட்டார், ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, ஸ்தோத்திரம். காய்ச்சலுக்கும் ஆபரேஷனுக்கும் இது பொருந்தும். சர்க்கரைக்கும் முடக்குவாதத்துக்கும் பழுதான சிறுநீரகத்துக்கும் அந்த மூன்றாவது படி வருவதே இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் கையில் ஊசியோடு கிடப்பவர் மைக் முன்னால் வந்து எதைச் சொல்வார்? (மருந்தை நிறுத்தச் சொல்லும் அற்புதக் கூட்டக்காரர்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவர்களைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும்.)

அவருக்கென்று இன்னொரு வாய்ப்பாட்டை வைத்திருக்கிறார்கள்: நோய் போகவில்லை, ஆனாலும் பெலன் கிடைத்தது, சமாதானமாக இருக்கிறேன். முதலாவதைவிட இது மோசம் என்பேன். முதலாவது உடம்பிடம் பொய் கேட்கிறது; இது மனசிடம் கேட்கிறது. இந்தப் பக்கத்து வீடொன்றில் பார்த்தேன். ஜெபக்கூட்டத்தார் படியேறும் சத்தம் கேட்டதும், அந்த அம்மா மாத்திரை அட்டைகளைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்டுப் புடைத்த கையை முந்தானையால் மூடிக்கொண்டார். "சொகம் உண்டா?" என்ற கேள்விக்கு, "கர்த்தர் நடத்துதாரு" என்று சிரித்தார். வந்தவர்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் இறங்கிப் போனதும் மகளிடம், "காலு பிடிச்சு இழுக்குவு மக்களே, ஒரு மாத்திரை எடு" என்றார். போதகர் சொல்லும் தெம்பு அன்றைக்கு வந்தவர்களோடு தெருவில் இறங்கிப் போய்விட்டது. நம் சபைகளில் ஆறுதல் கொடுக்கும் வேலையும் படுக்கையில் கிடப்பவர் தலையில்தான் விழுகிறது.

பவுலின் முள்ளை எடுத்துக்காட்டுகிறார் போதகர். மூன்று முறை வேண்டியும் நீங்கவில்லை, கிருபை போதும் என்று பவுல் ஏற்றுக்கொண்டாரே என்கிறார். ஏற்றுக்கொண்டார், வாஸ்தவம். மூன்று முறை கெஞ்சிய பிறகு, தானாக. பக்கத்தில் நின்று முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை.

நோயாளிக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று படுக்கையில் கிடந்தே யோசித்தவர் ஒருவர் உண்டு. டோனாவூர் மிஷனரி ஆமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதிய ஆறுதல் பிரசுரங்கள் நோயாளிக்கு எட்டுவதில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்குச் சொல்வதாகவே 1933-ல் ஒரு புத்தகம் எழுதினார். குழந்தைகளைக் காப்பாற்றிய ஆமியைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இந்த ஆமியை ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

நோயாளி வீட்டில் 23-ம் சங்கீதம், 91, 103 என்று வாசிக்கிறார்கள். 88-ஐ வாசித்து நான் பார்த்ததில்லை. அதில் சிறுவயது முதல் துன்பப்பட்டவன் கடவுளிடம் சண்டை பிடிக்கிறான். வேண்டியவர்கள் விலகிப் போனதைச் சொல்லி, ஆறுதல் ஒன்றும் வராமலே முடித்துக்கொள்கிறான். மொத்தம் 18 வசனம்தான். போதகர் ஒரு நாள் அந்த அம்மா வீட்டில் அதை வாசித்துவிட்டு, வேறொன்றும் பேசாமல், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு அடுத்த இதழில் எழுதட்டும்.