உடைக்கவும் தெரியும், விட்டுவைக்கவும் தெரியும்

பிஸ்கெய்ன் பே! இந்தப் பெயரை யாராவது சொன்னால் போதும், நான் பேச ஆரம்பித்துவிடுவேன். மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் இக்னஸ் துறையில் நிற்கும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் பனி உடைக்கும் கப்பல் அது. நீளம் 140 அடிதான். மாலுமிகள் இருபது பேர்கூடக் கிடையாது. அந்தச் சின்னக் கூட்டம் எதிரே இருக்கும் மாக்கினா தீவுக்குச் செய்வதை நேரில் பார்த்த பிறகு, வேறு எந்தக் கப்பலும் என் கண்ணுக்கு அழகாகத் தெரிவதில்லை.

மாக்கினாவைக் கோடையில் பார்த்தவர்களுக்குக் குதிரை வண்டியும் சைக்கிளும் ஃபட்ஜ் மிட்டாயும்தான் நினைவிருக்கும். 1898 முதலே மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்ட ஊர். பனிக்காலத்தில் போய்ப் பாருங்கள்! சுற்றுலாக் கூட்டம் கலைந்து, ஏறக்குறைய ஐந்நூறு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். பால், காய்கறி, தபால், மருந்து எல்லாம் அக்கரையிலிருந்து வரவேண்டும். ஹூரான் ஏரியோ இறுகிக் கிடக்கும். ஃபெரி நின்றுவிட்டால் குட்டி விமானம்தான் கதி. காற்று மோசமானால் அதுவும் இல்லை.

அப்படியொரு ஜனவரிக் காலையில் பிஸ்கெய்ன் பே கிளம்பியதைப் பார்த்தேன். அடேயப்பா, அந்தச் சத்தம்! கரையில் நின்ற என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. 20 அங்குலப் பனியை நிற்காமல் உடைத்துக்கொண்டே போகும். அதைவிடத் தடித்திருந்தால் பின்வாங்கி வந்து மோதும். நீர்மட்டத்துக்குக் கீழே உடற்பகுதியிலுள்ள துளைகள் வழியாகக் காற்றை ஊதித் தள்ளுகிறார்கள். கப்பலுக்கும் பனிக்கும் நடுவே குமிழிகள் புகுந்து உராய்வைக் குறைக்கின்றன. பலாப்பழம் அரியும் கத்தியில் எண்ணெய் தடவுவோமே, அந்தச் சூட்சுமம்தான். கப்பல் திறந்துவிட்ட தண்ணீர்ப் பாதையில், மேல்தளம் முழுக்க மளிகைப் பெட்டிகளோடு ஃபெரி போனபோது என்னையறியாமல் கைதட்டினேன்.

1936 டிசம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஆணையிலிருந்து, பனி உடைப்பது கடலோரக் காவல் படையின் கடமைகளில் ஒன்று. ஆனால் என்னை முழுதாக வீழ்த்தியது அவர்கள் உடைக்காமல் விடும் பனி. குளிர் முற்றும் ஆண்டுகளில் தீவுக்கும் செயின்ட் இக்னஸுக்கும் நடுவே ஐஸ் பிரிட்ஜ் என்ற பனிப்பாலம் உருவாகும். தீவுக்காரர்கள் பனி கனத்துவிட்டதா என்று துளையிட்டுப் பார்த்து, பண்டிகை முடிந்த கிறிஸ்துமஸ் மரங்களை வழிநெடுக நட்டு, ஸ்னோமொபைலில் அக்கரைக்குப் போய்வருவார்கள். டிக்கெட் வேண்டாம், நேரம் பார்க்க வேண்டாம், நினைத்தபோது கிளம்பலாம். அந்தச் சுதந்திரத்தைக் காக்கச் சட்டமே இருக்கிறது: அந்த நீர்ப்பகுதியைக் கப்பல் போக்குவரத்துக்கு மூடிவிடுவார்கள். மூடுவதற்கும், வசந்தத்தில் மறுபடி திறப்பதற்கும் முன்னால், கப்பல் கம்பெனிகளோடு தீவுவாசிகளுக்கும் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு தரவேண்டும். இரும்புத்தாது சுமக்கும் ராட்சதக் கப்பல்கள் போகும் வட்டாரத்தில், ஐந்நூறு பேர் போய்வரும் பாதைக்கு இவ்வளவு மரியாதை! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

போகிறவர்கள் மாக்கினா சிட்டியையும் விடாதீர்கள். 1944 முதல் 2006 வரை இந்த ஏரிகளில் பனி உடைத்த, மாக்கினா என்றே பெயர் கொண்ட பழைய கப்பல் அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆனால் அதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கெய்ன் பே வேலை செய்வதைப் பார்க்க ஜனவரியில்தான் போகவேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு, விடிவதற்குள் துறைக்குப் போய்விடுங்கள்.